தோல்வியே காணாத ஏவுதளம்

உலகிலேயே தோல்வி என்ற சொல்லை அறியாத ஏவுதளம் எங்களுடையதுதான். சோவியத் நாட்டின் கஸக் புல்வெளி நடுவே, எந்த வரைபடத்திலும் இல்லாத எங்கள் ஊரில், அந்தப் பெருமையைக் கட்டிக்காத்தது 'பெயர் சூட்டும் குழு'. அதன் செயலாளர் அடியேன்.

எங்கள் முறை எளியது. செயற்கைக்கோள் மேலே போய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிறகு, அது போனதே அதற்காகத்தான் என்று வானொலியில் அறிவிப்போம். ஒருமுறை வெள்ளிக் கோளுக்குக் கிளம்பியது பூமியையே சுற்றிக்கொண்டு கிடந்தது. 'பூமியை ஆராய்கிறது, வெற்றி!' என்றோம். சில நாளில் கடலில் விழுந்தது. 'கடலையும் ஆராய்ந்தது' என்று சேர்த்துக்கொண்டோம். முன்கூட்டியே பெயரைச் சொல்லிவிட்டு ஊர் பார்க்க அசடு வழியும் அமெரிக்கர்களை நினைத்தால் பாவமாக இருக்கும்.

எழுபத்தொன்பதில், மே தினப் பரிசாக ஒரு ராக்கெட் வேண்டும் என்று மாஸ்கோ ஆசைப்பட்டது. ஏப்ரல் முப்பதாம் தேதி எரிபொருள் குழாயில் கசிவு. எரிபொருள் தொட்டியைக் காலி செய்த பிறகே குழாயில் கைவைக்க வேண்டும் என்பது விதி.

"காலி பண்ணினா மே தினம் போயிடும்யா, அப்படியே இறுக்குங்க!" என்றார் ஏவுதளத்துக்கும் எங்கள் குழுவுக்கும் தலைவரான கர்னல் போர்ஃபிரி ஸ்தெபானவிச். தொழிலாளர்கள் ஏழு பேர் ஏறினார்கள். ராக்கெட் நின்ற இடத்திலேயே வெடித்தது.

மாலையே குழு கூடியது. மேலே எதுவும் போகவில்லை; ஆகவே ஏவுதல் நடக்கவில்லை; நடக்காத ஏவுதலில் ஆள் சாக வழியில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தேநீரும் நன்றாக இருந்தது.

இந்தத் தர்க்கம் புரியாதவள் ரிம்மா ஒருத்திதான். அந்த ஏழு பேரில் ஒருவனான கிளேப்பின் மனைவி. நேரே வந்து கர்னலின் மேசை முன் நின்றாள்.

"என் புருஷன் எங்க செத்தான்னு கல்லுல எழுதணும். எனக்கு அது போதும்."

"கருங்கடல்ல குளிக்கப் போய் மூழ்கிட்டாரும்மா," என்றார் கர்னல் கனிவாக.

"அவனுக்குத் தண்ணின்னாலே பயம்!"

"பாத்தியா, அதான் நீச்சல் தெரியல."

"அன்னிக்குக் காலைல நான் வச்ச கோதுமைக் கஞ்சியைக் குடிச்சுட்டுத்தானே வேலைக்குப் போனான்? அவ்வளவு தூரம் எப்படிய்யா போயிருப்பான்?"

"விண்வெளி யுகம்மா இது. தூரமெல்லாம் ஒரு தூரமா?"

"ஏழு பேருமா ஒரே கடல்ல மூழ்கினாங்க?"

'குழுச் சுற்றுலா' என்று நான் எடுத்துக்கொடுத்தேன். கர்னல் என் தோளில் தட்டினார். 'விடுமுறையில் நீரில் மூழ்கி' என்றே கல்லில் பொறித்தோம்.

அடுத்த ஏப்ரல் முப்பதுக்கும் ஒரு ராக்கெட் தயார். வானமும் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஆனால் கர்னல் தேதியைத் தள்ளிவைத்தார். அன்று எங்கள் ஊரில் ஒருவரும் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. மாலையில் எல்லோரும் கல்லறைக்குப் போய், இறந்தவர்களுக்குக் குடிப்பதுபோல், கோப்பைகளை மோதாமல் வோட்கா குடித்தோம். கர்னலும்தான்.

"போன வருஷம் இதே நாள்ல இங்க ஒண்ணுமே நடக்கலையே, தோழர் தலைவரே," என்றாள் ரிம்மா. "அப்புறம் ஏன் இன்னிக்கு ஏவல?"

கர்னல் என்னைப் பார்த்தார். பெயர் சூட்டுவது என் தொழில். நான் என் கோப்பைக்குள் பார்த்தேன். ரிம்மா விடவில்லை.

"என்னய்யா முழிக்கிறீங்க? நடந்ததைப் பாத்துட்டுத்தானே பேர் வைப்பீங்க? ஒரு வருஷம் பாத்தாச்சு. கொலைன்னு வைங்க!"

எங்கள் குழுவின் வரலாற்றிலேயே திருத்தம் தேவைப்படாத பெயர் அது ஒன்றுதான். வானொலியில்தான் வரவில்லை.