டெஃபனட்டாக வருகிற தாய்மாமன்

பழங்காநத்தம்
வியாழக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை வெள்ளைத்துரைக்கு, நல்லகாமன் மாமா எழுதுவது. இங்கு யாவரும் நலம். என் மனநிலையைக் கீழே காண்க. பேரையூரில் மழை உண்டா? போனில் கேட்டால் மறுபடியும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவீர்களோ என்ற பயத்தில் கடிதம் எழுதுகிறேன். இதில் வருவன:

1. டெஃபனட்லி என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள்.
2. எங்கள் பக்கம் அதன் வழக்கு.
3. பேத்தி ஆர்த்திகாவின் காதுகுத்து பற்றி உங்களிடம் ஒரு மன்னிப்பு.

கல்லூரி நூலகத்தில் இருந்தவன் ஆதலால் முதலில் அகராதியைப் பார்த்தேன். ‘ஐயமின்றி, உறுதியாக’ என்று இருக்கிறது. அதை எழுதியவர் பழங்காநத்தத்தில் குடியிருந்ததில்லை போலும். “டெஃபனட்டா காலையில வந்துருவேன் சார்” என்றார் குழாய் ரிப்பேர்க்காரர். நாங்கள் இன்னும் பக்கத்து வீட்டில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். பந்தல்காரர் காளையும் அதையே சொன்னார். அவர் பந்தல் அடுத்த தெருவில் யாரோ ஒருவர் வாசலில் நிற்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சமையல்காரர் சின்னச்சாமி மட்டும் “பாப்போம்ண்ணே” என்றார், அவர் வந்துவிட்டார். இந்த நிலையில்தான் நீங்கள் போனில், “டெஃபனட்டா வந்துருவேன் மாமா, மருமக எம் மடியிலதான உக்காரணும்” என்றீர்கள். நீங்கள் வரமாட்டீர்கள் என்று முடிவே செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆசாரி ஊசியோடு நிற்பார், பிள்ளை மொட்டைத் தலையோடு அழும், தாய்மாமன் மடி எங்கே என்று சபையே என்னைக் கேட்கும். உங்கள் தங்கை, என் மருமகள் நாகஜோதியிடம் சொல்லத் தைரியமில்லாமல் என் மனைவி அழகம்மாளிடம் சொன்னேன்.

“அம்புட்டுப் படிச்சும் வாரேன்னா வாரேன்னு வெளங்கலையா ஒமக்கு?”

“அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொன்னாரே.”

“அப்ப ரெண்டு தடவ வருவான். போயிப் படும்.”

படுத்தால் தூக்கம் வந்தால்தானே? ஆகவே கப்பலூரில் உங்கள் சித்தப்பா மகன் தங்கப்பாண்டி வேலை பார்க்கும் கம்பெனிக்கே போய், அவரும் தாய்மாமன் முறைதானே என்று, மடி கொடுக்கக் கேட்டேன். உங்கள் இருவருக்கும் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை என்பது தெரியும். நீங்கள்தான் வரப்போவதில்லையே என்று நினைத்தேன். “நா என்ன ஸ்டெப்னி டயரா மாமா?” என்று கோபித்தார். பிறகு இறங்கிவந்து, “சரி, பாப்போம்” என்றார். நிம்மதியாகப் பஸ் ஏறினேன். உங்கள் உரிமையை வேறொருவருக்குக் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும் சொல்லவும். மீனாட்சி உங்களைக் காக்கட்டும், மிச்சமிருந்தால் என்னையும்.

இப்படிக்கு,
நல்லகாமன்

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் வேன் சத்தம். பந்தல் சாமான், சீர்த்தட்டு எல்லாவற்றோடும் நீங்களே நிற்கிறீர்கள். “பந்தலு இல்லன்னு தங்கச்சி சொல்லுச்சு, அதான் முன்னாடியே வந்துட்டேன். கெடாவ எங்க மாமா கட்ட?” என்று கத்துகிறீர்கள். கொல்லைப்புறம் போய், வரவேண்டாம் என்று சொல்லத் தங்கப்பாண்டிக்குப் போன் போட்டேன். என்னைப் பேசவே விடவில்லை. “லீவு போட்டாச்சு, பட்டு வேட்டி எடுத்தாச்சு. டெஃபனட்டா வாரேன் மாமா” என்று வைத்துவிட்டார். இக்கடிதத்தை உங்கள் கையில் கொடுக்கத் தைரியமில்லை. பேரையூருக்கே தபாலில் அனுப்புகிறேன், ஊர் திரும்பியதும் படித்துக்கொள்ளவும். எண் இரண்டில் நான் எழுதியது தவறு. அகராதிதான் சரி. தங்கப்பாண்டியும் வந்துவிடுவார்.