வாலாட்டினால் பறவை

மனிதனாகப் பிறந்தவனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பொழுதுபோக்கு வேண்டாம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதனால்தான் நம் பல் டாக்டர் வம்பில் மாட்டிக்கொண்டார்.

நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்ப்பவருக்கு, கொஞ்சம் அண்ணாந்து பார்க்க ஆசை வருவது நியாயம்தான். டாக்டர் ஒரு கிளைடர் பெட்டியை வரவழைத்தார். கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத குட்டி விமானம். பெட்டியில் துண்டு துண்டாக இருப்பதை நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். மலைச்சரிவில் நின்று கையால் வீசினால் காற்றின் தயவில் மிதக்கும். ரிமோட்டால் அதன் வாலை அசைத்துத் திருப்பிக்கொள்ளலாம்.

பெட்டியில் சொன்னபடி ஒட்டியிருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் சொத்தைப் பல்லைக் கண்டால் சும்மா இருக்காத கை அது. இறக்கை குட்டையாக இருக்கிறது என்று இரண்டு பக்கமும் ஒரு சாண் நீட்டினார். நுனிகளை மேல்நோக்கி வளைத்தார். காற்றில் சாய்ந்தாலும் அது தானே நிமிர்ந்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். மரத்தில் துளை போடப் பல் துளைக்கும் கருவியையே பயன்படுத்தினார். மரம் முனகவில்லை என்பது அவருக்கே புது அனுபவம்.

முதல் தடவை வீசியபோது அது மூக்கைத் தூக்கி, ஒரு கணம் யோசித்து, தலைகுப்புற விழுந்தது. "மூக்குல பாரம் பத்தலை" என்று டாக்டர் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே அறையில் கிழிந்து கிடந்த ஈயக் கவசத்தில் ஒரு துண்டு வெட்டி மூக்குக்குள் திணித்தார். இரண்டு விரல் நுனியில் வைத்துப் பார்த்தால் தராசு முள் மாதிரி நின்றது.

கடைசியாக இறக்கைக்குச் சிவப்பு பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். மறுநாள் காலை, பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் அவர் மனைவி வெள்ளை ரவிக்கையும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏங்க, என் ரவிக்கையில சிவப்பா என்னமோ ஒட்டியிருக்கே?"

"அது இறக்கையோட தோலும்மா."

"இஸ்திரிப்பெட்டியை வச்சா தோல் ஒட்டினீங்க?"

"மிதமான சூட்டுலதான் ஒட்டினேன்."

அவள் அதற்கப்புறம் பேசவில்லை. சில வீடுகளில் அதற்குப் பெயர் சண்டை, சில வீடுகளில் அதற்குப் பெயர் சம்மதம். டாக்டர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஊருக்கு வெளியே இருந்த குன்றில் கிளைடர் பறந்தது. பறந்தது என்றால் லேசுப்பட்ட பறத்தல் இல்லை. சரிவில் ஏறி வந்த காற்றில் சாய்ந்து, நிமிர்ந்து, வட்டமிட்டு, ஒரு பருந்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது. பருந்து அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்கு வட்டமிட்டது. டாக்டர் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார். இத்தனை வருஷத் தொழிலில் அவரைப் பார்த்து முகம் சுளிக்காத முதல் ஜீவன் அந்தப் பருந்துதான்.

அப்போதுதான் குன்றின் காவலர் வந்தார்.

"சார், பர்மிஷன் இருக்கா?"

"எதுக்கு?"

"அது தெரியாது. ஆனா இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்களே, அதுக்கு ஏதாவது பர்மிஷன் வேணும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை அங்கே ஆரம்பித்தது.

கிளைடரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்டர் அரசாங்கக் கட்டடத்துக்குப் போனார். கீழ்த்தளத்தில் விமானப் பிரிவு. அங்கிருந்தவர் கிளைடரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எஞ்சின் எங்கே?" என்றார். இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. "எஞ்சின் இல்லாட்டி விமானம் இல்லை. மாடிக்குப் போங்க."

மாடியில் பட்டம் விடுதல் பிரிவு. "நூல் எங்கே?"

"இதுக்கு நூல் கிடையாதுங்க."

"நூல் இல்லாட்டி பட்டம் இல்லை. இன்னொரு மாடி ஏறுங்க."

மேல்மாடியில் பறவைகள் நல அதிகாரி இருந்தார். கண்ணியமான அம்மையார். மேஜையில் ஒரு தூசி கிடையாது, வேலையும் கிடையாது. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு மனுஷ முகத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் அவர் டாக்டரை உட்காரவைத்தார்.

"எஞ்சின் இல்லை, நூலும் இல்லை. ஆனா பறக்குது?"

"ஆமாங்க."

"அப்ப பறவைதான்."

டாக்டர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

"மேடம், இது மரமும் பிளாஸ்டிக்கும். வால்ல ஒரு சின்ன மோட்டார் இருக்கு, அவ்வளவுதான்."

"மோட்டார் எதுக்கு? பறக்கவா?"

"இல்லைங்க. வாலை ஆட்ட."

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். "தானா பறக்குது. வாலும் ஆட்டுது. இதுக்கு மேல உங்களுக்கு என்ன சாட்சி வேணும்?"

டாக்டர் வாயைத் திறந்தார். எத்தனையோ பேரை அவர் அப்படித் திறக்கச் சொல்லியிருக்கிறார். சும்மா திறந்து வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

விசாரணை முறைப்படி நடந்தது. பறவை இரவில் எங்கே தங்குகிறது? பீரோ மேலே. ஆகவே சட்டவிரோதச் சிறைவைப்பு. இறக்கை நீட்டப்பட்டதா? ஆம். ஆகவே உறுப்புகளில் கைவைத்த குற்றம். மூக்கில் என்ன? ஈயம். இதைக் கேட்டதும் அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர், நீங்க படிச்சவர். உங்க மேல வழக்கு போட எனக்கு மனசு வரலை. நீங்களே பொதுமக்கள் முன்னால அதுக்கு விடுதலை குடுத்துடுங்க. ரிமோட் கூடாது. அது கால்விலங்குக்குச் சமம்."

வீட்டுக்கு வந்த டாக்டர் சாப்பிடவில்லை. மனைவிதான் யோசனை சொன்னாள்.

"விடியக்காலையில காத்து இருக்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க? அப்ப வீசுங்க. நேரா அடிவாரத்துல போய் இறங்கிடும். நான் பையோட நிக்கிறேன். எடுத்துக்கிட்டு வந்துடலாம்."

டாக்டர் அவளைப் பார்த்த பார்வையில் கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற களை இருந்தது. விடுதலை விழாவை விடியலில் வைக்கும்படி அதிகாரியிடம் கேட்டுச் சம்மதமும் வாங்கிவிட்டார்.

விடியலில் டாக்டர் வந்தார், மனைவி வந்தாள், பொதுமக்கள் வந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. வெயில் ஏறியது. விருந்தினர் வந்தபோது உச்சிப்பொழுது. பாறைகள் அடுப்பு மாதிரி கொதித்தன. சூடான காற்று மேலே எழும்பும் நேரம். விருந்தினர் சுதந்திரத்தைப் பற்றிப் பேசி முடிக்கவே மாட்டேன் என்றார். அவர் பேசப் பேசப் பாறை இன்னும் சூடேறியது.

டாக்டர் கிளைடரை வீசினார். கிளைடர் கொஞ்சம் இறங்கியது. அடிவாரத்தில் மனைவி பையை விரித்தாள். அப்புறம் அனல்காற்று ஒன்று அதை அடியில் பிடித்துத் தூக்கியது. அது சாய்ந்தது. வளைத்த நுனிகள் அதைத் தானே நிமிர்த்தின. மறுபடி சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. வட்டம் வட்டமாக ஏறி, சிவப்புப் புள்ளியாகி, அதுவும் இல்லாமல் போனது. டாக்டரின் கைத்திறமையே அவரைச் சுட்டது. கொஞ்சம் மோசமாகச் செய்திருந்தால் மிஞ்சியிருக்கும்.

டாக்டர் அழுதார். கூட்டம் கைதட்டியது. "பறவை மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்று விருந்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்.

மழை வந்து போனது. பக்கத்து ஊர் ஏரிக்கரையில் ஓர் அபூர்வப் பறவை வந்து தங்கியிருப்பதாகச் செய்தி பரவியது. சிவப்பு இறக்கை, நீண்ட மூக்கு, அலட்டிக்கொள்ளாத சுபாவம். அந்த ஊர்ப் பறவைத் துறையினர் அதை வெளிநாட்டிலிருந்து வலசை வந்தது என்று தீர்மானித்துச் சரணாலயம் அறிவித்துவிட்டார்கள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பறவை பார்ப்போர் போடும் பச்சைத் தொப்பி இல்லாதவர் மனிதரே இல்லை என்றானது. எத்தனை பாக்கெட் என்று தைத்தவருக்கே தெரியாத சட்டைகள் வந்தன. கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு ஜனங்கள் கல்யாணத்துக்குப் போனார்கள். பறவை மிரளும் என்று வீட்டுக்குள்ளேகூடக் கிசுகிசுப்பாகப் பேசினார்கள். அதனால் பல தம்பதிகளுக்குள் ஒற்றுமை வந்தது.

டாக்டர் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். கயிற்றுத் தடுப்புக்கு அப்பால், மரத்தின் உச்சிக் கிளையில் சிக்கிக் கிடந்தது அவர் கிளைடர். தாள் உரிந்து தொங்கியது. முதுகில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"இறகு உதிர்க்கிற காலம்" என்று வழிகாட்டி மெதுவாக விளக்கினார். "அந்தக் காக்கை தோழமைக்கு."

டாக்டருக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற மனிதரின் காதில், "சார், அது பொம்மை. நான்தான் செஞ்சேன்" என்றார்.

அந்த மனிதர் பைனாகுலரை இறக்கவே இல்லை. "தெரியும் சார். மெதுவாப் பேசுங்க. இந்தக் கயிறு நான் கான்ட்ராக்ட் எடுத்துப் போட்டது. அதோ அந்த அம்மாவுக்குத் தொப்பி வியாபாரம். வழிகாட்டி என் மச்சான். அவனுக்கு இப்பதான் பொண்ணு பார்த்திருக்கோம்."

"இத்தனை பேர் ஊர் ஊரா வந்து பார்க்கிறாங்களே, இவங்களுக்கு?"

"அவங்களுக்கும் தெரியும். இவ்வளவு தூரம் வந்துட்டு, பாக்கெட் வச்ச சட்டையும் போட்டுக்கிட்டு, பொம்மையைப் பார்த்தேன்னா சொல்லுவாங்க?"

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். எல்லா முகத்திலும் பரவசம். நிஜப் பரவசம்; அதில் குறை சொல்ல முடியாது. பின்னால் நின்ற ஒருவர் அவர் தோளைத் தொட்டு, "பறவையைப் பத்தி உங்களுக்கு நல்லாத் தெரியும் போலிருக்கே, சொல்லுங்களேன்" என்று கேட்டார். நாலைந்து பேர் மரியாதையாக நெருங்கி வந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. டாக்டர் ஒரு கணம் தயங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பேச ஆரம்பித்தார்.

இருட்டும் நேரத்தில் வீடு திரும்பினார். மனைவி வாசலுக்கே வந்து, வெறும் கையைப் பார்த்தாள்.

"எடுத்துக்கிட்டு வரலையா?"

"உஷ்" என்றார் டாக்டர், செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றியபடி. "அடைகாக்குது."