நாற்பது கோழிக்கு ஒரு கூடு

சான்டா லூசீலா, ஊய்லா மாகாணம்
1988 மே 12, வியாழக்கிழமை

என் மூத்த சகோதரியும் எங்கள் நூபியாவின் ஞானத்தாயுமான திருமதி எதெல்மீரா அவர்களின் பாதங்களுக்குத் தம்பி ஒலிவேரியோ பணிந்து எழுதிக்கொண்டது.

இக்கடிதம் தங்கள் கையை அடையும் வேளையில் தங்கள் முழங்கால் வலி அடங்கியும், காப்பிச் செடிகள் பூத்தும், கோவேறு கழுதை உதைக்காமலும், அத்தான் வழக்கம்போல் வாயைத் திறக்காமலும் இருக்கக் கன்னி மரியாள் அருள்வாளாக. இங்கே நானும் லீஹியாவும் சுகம். அதாவது லீஹியா சுகம். நான் ஏன் சுகமில்லை என்பதைக் கீழே விவரித்திருக்கிறேன்.

முதலில் என் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள் அக்கா. "தம்பி முதன்முதலாகக் கோழி வளர்க்கப் போகிறான்" என்று கேள்விப்பட்டதும், பன்னிரண்டு வெடைக்கோழிகளைத் தேர்ந்தெடுத்து, கால் கட்டி, வரும் சனிக்கிழமை மலைப் பேருந்தின் கூரையில் ஏற்றி அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். நான்கு பக்கத்துக்கு யோசனையும் சொல்லியிருந்தீர்கள். இந்தக் காலத்தில் யார் யாருக்கு இப்படிச் செய்கிறார்கள்? படித்துவிட்டுக் கண் கலங்கினேன். மேற்படி பன்னிரண்டு கோழிகளைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். கோபப்படாதீர்கள், முழுக்கப் படியுங்கள்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் முத்திரை குத்தியவன் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற ஏழாவது வாரம் சமையலறையிலிருந்த டப்பாக்களில் எல்லாம் 'சர்க்கரை', 'உப்பு', 'சோளமாவு' என்று எழுதி ஒட்டி, அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டேன். இது ஒரு குற்றமா? லீஹியா கரண்டியோடு வந்து, "இந்தா பாருங்க, ஒண்ணு நீங்க எதையாவது வளருங்க, இல்லைன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்"னாள். நாய் எனக்கு ஆகாது, பூச்செடி அவளுக்குச் சொந்தம். ஆகவே கோழி என்று முடிவாயிற்று. நாளுக்கு நாலு முட்டை வந்தால் போதும், நூபியா சாயங்காலம் காப்பிக்கு வரும்போது ரெண்டைக் கையில் கொடுத்தனுப்பலாம் என்பதுதான் என் ஆசை. வேறு எந்த எண்ணமும் எனக்கில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

கூடு கட்டிய சொத்து விவரமாவது: வடக்கே அடுத்த வீட்டுத் தோன்யா பெத்சபே அம்மாளின் மதிற்சுவர், கிழக்கே துணி துவைக்கும் தொட்டி, தெற்கே கொய்யா மரம், மேற்கே லீஹியாவின் ரோஜாச் செடிகள், இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட காலி இடம். நீங்கள் எழுதியபடியே மூங்கில் நட்டேன், சுண்ணாம்பு அடித்தேன், மரத்தூள் பரப்பினேன், மரநாய் நுழையாமல் இருக்க ஒரு முழம் ஆழத்துக்குக் கம்பி வலையைப் புதைத்தேன். என் பழைய முத்திரைப் பெட்டியில் வைக்கோல் போட்டு முட்டையிடும் இடமாக்கினேன். 'கோழி உட்காரும் கம்பு முழங்கால் உயரம் இருக்கட்டும்' என்று எழுதியிருந்தீர்களே, யார் முழங்கால் என்று எழுதவில்லை. நீங்கள் குள்ளம், நான் நெட்டை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஒரு கம்பு கட்டி, பலம் பார்க்க அதன்மேல் நானே உட்கார்ந்தேன். முறிந்தது. "கோழி எடை என்ன, உங்க எடை என்ன? முட்டையும் நீங்களே போட்டுப் பாத்துடுங்க"ன்னு லீஹியா சிரிச்சா. சிரிக்கட்டும். ஓய்வுபெற்ற பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான், அதற்கே நான் கோழிகளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வினை வந்தது தாழ்ப்பாளால். தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள் ஒன்றை நானே யோசித்துச் செய்து கதவின் வெளிப்பக்கம் பொருத்தினேன். கோழி உள்ளிருந்து திறக்காதல்லவா? என்னாலும் திறக்க முடியாது என்பது, உள்ளே போய் மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தபோது காற்றடித்துக் கதவு சாத்திய பிறகுதான் விளங்கியது. லீஹியா சந்தைக்குப் போயிருந்தாள். சொந்தக் கூட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் அக்கா. அப்போதுதான் தோன்யா பெத்சபே துணி காயப்போட வந்து மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்னங்க தோன் ஒலிவேரியோ, உள்ள உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல, காத்தோட்டம் எப்படியிருக்குன்னு பாக்கறேன்."

"பெரிய கூடா இருக்கே! எத்தனை கோழி நிக்கும்?"

மாட்டிக்கொண்டவன் கௌரவத்தையாவது காப்பாற்ற வேண்டாமா? பன்னிரண்டு என்று சொல்ல வாய் வரவில்லை. "நாற்பது தாராளமா நிக்கும்"னேன்.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நாற்பதா? எல்லாம் பெட்டையா?"

"பெட்டை மட்டும்தான். சேவல் ஒண்ணுகூடக் கிடையாது, கூவிக் கூவி உங்க தூக்கத்தைக் கெடுத்துடும்னுதான்."

"மாதாவே!" என்று சிலுவைக்குறி போட்டாள். கண்ணில் தண்ணீர். தாழ்ப்பாளைத் திறந்துவிடும்படி நான் கேட்பதற்குள் ஓடியே போய்விட்டாள். லீஹியா சந்தையிலிருந்து திரும்பி வந்துதான் என்னை வெளியே விட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். பெத்சபே ஒரு கொழுத்த செவலைக் கோழியை என் மார்பில் திணித்து, "நாங்க யாரும் வாயைத் திறக்க மாட்டோம். கடவுள் நல்லபடியா நடத்திக் குடுக்கட்டும்"னு சொல்லிட்டுப் போனாள். ஓய்வுபெற்றவனுக்கு இவ்வளவு அனுதாபமா என்று நெகிழ்ந்துபோனேன். எட்டு மணிக்கு எனக்கு மூங்கில் விற்றவர் ஒரு கறுப்புக் கோழியோடு வந்தார். மதியம் ரொட்டிக்கடைக்காரி ரெண்டு. சாயங்காலம் மலைப் பேருந்து ஓட்டுநர் பேருந்தையே வாசலில் நிறுத்தி, பயணிகள் எல்லோரும் பார்க்க, ஒரு புள்ளிக் கோழியைக் கொடுத்து என்னைக் கட்டிப்பிடித்தார். முப்பது வருஷம் என்னோடு பேசாத பதிவு அலுவலகக் காவலாளிகூட ஒன்று கொண்டுவந்தான். யாரும் காரணம் சொல்லவில்லை, எல்லோரும் கண்ணைச் சிமிட்டி, விரலை உதட்டில் வைத்து, தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். இந்த ஊருக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று நினைத்து நினைத்து அன்றிரவு எனக்குச் சோறே இறங்கவில்லை. சனிக்கிழமை வரை மொத்தம் இருபத்து மூன்று கோழிகள். ஒன்றைக்கூட நான் விலைக்கு வாங்கவில்லை. பெத்சபேயின் செவலை மட்டும் என் பின்னாலேயே நடந்து, நான் உட்கார்ந்தால் உட்கார்ந்து, என் முத்திரைப் பெட்டியில் ஏறி முதல் முட்டையும் போட்டது. நான் அதிகாரியாக இருந்த காலத்தில்கூட எனக்கு யாரும் அவ்வளவு மரியாதை தந்ததில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் லீஹியாவைச் சூழ்ந்துகொண்டு, கூடையைத் தூக்க விடாமல் வாங்கிக்கொண்டு, அவள் வயிற்றையே உற்று உற்றுப் பார்த்தார்கள். அவளுக்கு வயது அறுபத்தொன்று. வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள்.

"அட மனுசா! நாற்பது பெட்டைன்னு யார்கிட்டே சொன்னீங்க?"

"பெத்சபேகிட்டே. ஏன்?"

"நாற்பது கோழி எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? நூபியா பொறந்தப்ப உங்க அக்கா அனுப்பிச்சாங்களே, மறந்துபோச்சா?"

அக்கா, சத்தியமாக எனக்குத் தெரியாது. அப்போது மலையிலிருந்து நாற்பது கோழி அனுப்பினீர்கள், பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வீட்டுக்குள் இருந்து நாளுக்கு ஒரு கோழியாக மரவள்ளிக்கிழங்கும் கொத்தமல்லியும் போட்டுச் சாறு குடித்தாள், அந்த நாற்பது நாளும் எனக்குக் கழுத்தும் காலும்தான் கிடைத்தது. அது அக்காவின் பாசம் என்று நினைத்தேனே தவிர, அதற்கு ஒரு கணக்கு உண்டு என்று நினைக்கவில்லை. பிள்ளை வரப்போகும் வீட்டார் முன்கூட்டியே நாற்பது பெட்டைகளைக் கொழுக்க வைப்பார்கள், பிள்ளை பிறக்கும்வரை தாய் பேரை யாரும் வெளியே சொல்லக்கூடாது, ஊரார் ஆளுக்கொன்று கொடுத்து நிரப்புவார்கள் என்பதெல்லாம் பெண்களுக்குத் தெரிந்த சட்டம். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நான் எப்படிப் படித்திருப்பேன்?

லீஹியா உடனே மதிலருகே போய்ப் பெத்சபேயிடம் கேட்டாள். "உங்களுக்கில்லைன்னு எனக்குத் தெரியாதா? நூபியாவுக்குத்தானே! பதினோரு வருசமா நான் மெழுகுவர்த்தி ஏத்தறது வீணாப் போகலை"ன்னு அவள் அழுதாளாம்.

அதைக் கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. நம் நூபியாவுக்கு முப்பத்தெட்டு முடியப்போகிறது. யெசித்தைக் கட்டிப் பதினோரு வருஷம். இரண்டு முறை வந்து இரண்டு முறையும் தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும், இரண்டாம் முறை நீங்கள்தானே வந்து பக்கத்தில் இருந்தீர்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தை அழுதால்கூட நான் வானொலியைச் சத்தமாக வைப்பேன். அப்படிப் பொத்திப் பொத்திப் பாதுகாத்த பிள்ளையின் மனதில், இருபத்து மூன்று கோழியைக் கொக்கரிக்கவிட்டு நானே முள்ளைக் குத்திவிட்டேன். தினம் சாயங்காலம் காப்பிக்கு வருகிறவள் பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. யெசித்தைக் கேட்டால் "அவளுக்கு வயிறு சரியில்லை மாமா" என்று தரையைப் பார்க்கிறான். ஊர்ப் பேச்சு அவள் காதுக்குப் போய்விட்டது, அப்பா இப்படிச் செய்துவிட்டாரே என்று வெறுத்துப்போயிருக்கிறாள். வேறென்ன இருக்கும்?

திங்கள் முதல் கோழிகளைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். கக்கத்துக்கு ஒன்றாக இரண்டிரண்டு கோழி, பின்னாலே கூப்பிடாமலே வரும் செவலை, இப்படி ஊரைச் சுற்றினேன். ஒருவரும் வாங்கவில்லை. ரொட்டிக்கடைக்காரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்து, "குடுத்த கோழியைத் திருப்பி வாங்கினா பிள்ளைக்கு ஆகாது"ன்னாள். "பிள்ளையே இல்லம்மா!"ன்னேன். "அப்படி வாயாலே சொல்லாதீங்க, பாவம்!"னு அவள் கத்த, தெருவே என்னைப் பிள்ளை விரோதி போலப் பார்த்தது. பாதிரியாரிடம் முறையிட்டேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நல்லது நடக்கும் மகனே"ன்னு சொல்லி ஒரு வாத்து கொடுத்தார். அதையும் வாங்கி வந்தேன் அக்கா, பாதிரியார் கொடுத்ததை எப்படி மறுப்பது?

ஒன்று மட்டும் சொல்வேன். கோபம் எனக்கு யார் மேலும் இல்லை. காசு மிச்சம் பிடிப்பவள் என்று நான் திட்டிய ரொட்டிக்கடைக்காரி இரண்டு கொடுத்தாள். பதினோரு வருஷமாக இந்த ஊர் என் மகளுக்காக வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அந்த நன்றியை எங்கே கொண்டுபோய்ச் செலுத்துவது என்று தெரியாமல்தான் தவிக்கிறேன்.

ஆகவே அன்புள்ள அக்கா, பன்னிரண்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இந்த இருபத்து மூன்றையும் மலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். இன்று சாயங்காலம் நூபியா வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றே தெரியவில்லை. அத்தானுக்கு என் வணக்கம், கழுதைக்குத் தூரத்திலிருந்து வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் இந்தப் புத்தியில்லாத தம்பிக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
ஒலிவேரியோ

பின்குறிப்பு: மேலே எழுதிய யாவும் இதனால் ரத்து செய்யப்படுகின்றன.

நூபியா ஐந்து மணிக்கு வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. நேராகப் பின்கட்டுக்குப் போய்க் கூட்டின் முன்னால் நின்றாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன், லீஹியா பிடித்து வெளியே தள்ளினாள்.

"எல்லாம் பெட்டையாப்பா?"

"ஆமாம்மா. ஒரு வாத்தும் இருக்கு."

"எத்தனை நிக்கும்?"

என்ன சொல்வது அக்கா? "நாற்பது"ன்னேன். "எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறேம்மா..."

"எதுக்கு?"ன்னு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க? நேத்துத்தான் மூணு மாசம் முடிஞ்சுது. முன்னே ரெண்டு தடவையும் ஊரெல்லாம் சொல்லி ஏமாந்துட்டேன். இந்தத் தடவை உங்ககிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னு வாயைக் கட்டிக்கிட்டிருந்தேன். காப்பி வாசனை பட்டாலே வாந்தி, அதான் வரலை. பெத்சபே அத்தை வந்து, 'உங்கப்பா நாற்பது கோழிக்குக் கூடு கட்டிட்டாருடி'ன்னாங்க. ராத்திரி எல்லாம் பயந்துக்கிட்டுக் கிடந்தேம்ப்பா. அதைக் கேட்டதுக்கப்புறம்தான் தூங்கினேன். நான் ஒரு வார்த்தை சொல்லாமயே அப்பா நம்பிக் கூடு கட்டறாரே, இது தங்கிடும்னு தோணிச்சு."

முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு பொய்ப் பத்திரத்திலும் நான் முத்திரை குத்தியதில்லை. இன்றைக்குக் குத்தினேன். "அப்பாவுக்குத் தெரியாதாம்மா?"ன்னேன். லீஹியா துவைக்கும் தொட்டிப் பக்கம் திரும்பி, ஏப்ரன் நுனியால் மூக்கைச் சிந்தினாள்.

ஆகவே பன்னிரண்டையும் சனிக்கிழமையே ஏற்றிவிடுங்கள். இருபத்து மூன்றும் பன்னிரண்டும் முப்பத்தைந்து, ஐந்து குறைகிறது. செவலையை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறேன், ஆக ஆறு. வாத்து கணக்கில் சேராது என்கிறாள் லீஹியா. மொத்தம் பதினெட்டு அனுப்புங்கள். நவம்பரில் ஞானத்தாயும் நேரில் வந்துவிட வேண்டும், கழுத்தையும் காலையும் நானே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

புதிதாக ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். நடந்தது நடந்தபடி ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது உத்தியோகப் பழக்கம், அதனால் இதையே அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அப்பாவுக்கு முன்பே தெரியும் என்று நம்பித்தான் அவள் தூங்குகிறாள்.