பாதி ஜாடி சிறுநீர்

வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்பார்கள். வைத்தியருக்குக் கூடுதலாகக் கொடுப்பதும் பொய்தான் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எழுபதுகளில் வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. சிறுநீரகத்தில் கல். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு ஜாடியைக் கொடுத்து, ஒருநாள் சிறுநீர் முழுவதையும் பிடித்து வரச் சொன்னார். சிறுநீரகம் அமினோ அமிலங்களை வடியவிட்டு, பிறகு அநேகமாக எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளுமாம். என்னுடையது சிஸ்டின் என்ற ஒன்றைக் கோட்டை விடுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். மருந்து விட்டதும் நன்றாகச் சிவந்தால் சிஸ்டின் கல். அதைக் கரைக்கத் தண்ணீரும் சோடாப்பொடியும் போதும். சிவக்காவிட்டால் கத்தி.

மறுநாள் காலை பாதி ஜாடிதான் தேறியது. (வலிக்குப் பயந்து தண்ணீரே குடிக்காத மகா புத்திசாலி நான்.) என் மனைவியின் அண்ணன் அந்தோணி மச்சான் எட்டிப் பார்த்தார்.

"கொறையா கொண்டு போவாத மாப்ள. கொழுந்து எடைக்குக் கொறஞ்சா பக்கத்துல நிக்கிறவுக ஒரு கை அள்ளிப் போட மாட்டாகளா?"

எங்கள் தோட்டத்து வழக்கம் அதுதான். எனக்கும் நியாயமாகப் பட்டது. மச்சான் ஒரு கெட்டில் பாலில்லாத கட்டன்சாயா குடித்துவிட்டு ஜாடியை நிரப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர், "தேனா அண்ணாச்சி?" என்று கேட்டதற்குத் தலையை வேறு ஆட்டிவைத்தேன்.

சிவப்பு ஏறவில்லை. "சிஸ்டின் இல்லா. நாளை ஆபரேஷன்," என்றார் டாக்டர்.

மறுநாள் காலை நர்ஸ் என் விலாவைச் சிரைத்துக்கொண்டிருந்தார். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் கட்டிலருகே வந்து குனிந்தார்.

"சொல்லிருவமா மாப்ள?"

"நீங்களே சொல்லுங்க மச்சான்."

"ஒடம்பு உன்னுதுல்ல."

"எந்தா ரெண்டாளும் குசுகுசுன்னு?" டாக்டர் பின்னால் நின்றிருந்தார்.

மச்சான் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சார், அதுல பாதி என்னுது."

"எதுல பாதி?"

நர்ஸ் சவரக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

டாக்டர் சிரிக்கவில்லை. புது ஜாடி வந்தது. மச்சானை ஒருநாள் முழுக்க வார்டுக்குள் விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. இம்முறையும் அரை ஜாடிதான்; ஆனால் மருந்து விட்டதும் பீட்ரூட் சாறுபோலச் சிவந்தது. தனக்கு வியாதி என்று உறுதியானதும் டாக்டரின் கையைப் பிடித்து நன்றி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இன்றும் குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கிறேன். விசேஷ வீட்டுப் பந்தியில் நான் மூன்றாவது டம்ளர் கேட்டால் போதும், மச்சான் ஆரம்பித்துவிடுவார். "இவரு மேல கத்தி படலன்னா அதுக்கு நாந்தான் காரணம்."

"ஆமாண்ணே," என்பாள் என் மனைவி, "கத்திகிட்ட கொண்டுபோயி படுக்கவச்சதும் நீதான்."