மைத்துனர் போட்டு அனுப்பிய சிவப்புக் கோடு

அன்பு மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். கடையில் பைப்புகளும் வால்வுகளும்கூட நலம். அங்கே எல்லாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் சிரிப்பீர்கள், நான் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவேன். நன்றி சொல்ல வேண்டிய விஷயம் அப்படிக் கெட்டுப்போகக் கூடாது, ஆகவே கடிதம்.

டாக்டர் என் பரிசோதனைத் தாளைத் தூக்கிப் பிடித்து, "மூணு மாசம் டைம் தர்றேன். சர்க்கரை இறங்கலைன்னா தினம் ஊசிதான்" என்று சொன்ன அதே வாரம் கடைக்கு உங்கள் பெட்டி வந்து இறங்கியது. ஊசி என்றால் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ரத்தம் எடுத்த நர்ஸ் எனக்குப் பஞ்சு வைப்பதற்கு முன்னால் முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே சைக்கிள், அதுவும் ஜல்லி ரோடு, மண் ரோடு எல்லாவற்றிலும் ஓடுகிற கிராவல் சைக்கிள். "மைத்துனன்னா இவன்தான் மைத்துனன், எனக்காக அனுப்பியிருக்கான் பார்!" என்று பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்குப் பின்னால் இருக்கிற தையல் அறையிலிருந்து உங்கள் அக்கா எழுந்து வந்து, சைக்கிளை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பெட்டியை விடாத என் கைகளைப் பார்த்தாள். அப்புறம், "ஆமா, உங்களுக்குத்தான்" என்றாள். பொறாமை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கூடவே வந்த கையேட்டை நான் பிரிக்கவில்லை. முப்பது வருஷம் பைப் விற்றவனுக்கு ஒரு சைக்கிள் பூட்டப் புத்தகம் வேண்டுமா? நானே பூட்டினேன். பெடலில் மரை இருந்தது. மரையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, தண்ணிக் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை ஆறு சுற்று சுற்றித்தான் திருகினேன். எதிர்க்கடை சைக்கிள் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "என்ன முதலாளி, பெடல் லீக் ஆகுதா?" என்று கேட்டான். அதுகூடப் பரவாயில்லை. கைப்பிடியின் இரண்டு கொம்பும் கீழே போகப்போக வெளியே விரிந்திருந்தது. லாரியில் நசுங்கிவிட்டது என்று நேராகப் பார்சல் ஆபீசுக்குப் போய் மேஜையைத் தட்டினேன். மேனேஜர் பாவம், என் குரலுக்குப் பயந்து தன் கைப்பட மன்னிப்பே எழுதிக் கொடுத்துவிட்டார். அதை ஜெயித்த பெருமையோடு உங்கள் அக்காவிடம் காட்டினால், அவள் கடிதத்தைப் பார்க்கவில்லை, கைப்பிடியைப் பார்த்தாள். "அடிபட்டு வளைஞ்சா ரெண்டு பக்கமும் ஒரே அளவாவா வளையும்? கவுனுக்குக் கீழே விரிவு வைக்கிற மாதிரி வேணும்னே வெச்சது. மேடுபள்ளத்துல கையை அகலமாப் பிடிச்சா வண்டி ஆடாது. போய் அந்த மனுஷன்கிட்ட நீங்க மன்னிப்புக் கேளுங்க." போய்க் கேட்டேன். எழுத்தில் வேண்டும் என்றார். கொடுத்தேன்.

டயரில் உச்சக் காற்று அளவு என்று ஒன்று அச்சிட்டிருந்தது. பஞ்சர் கடையில் அந்த அளவுக்கே அடிக்கச் சொல்லி, பின்வழி ஜல்லி ரோட்டில் ஏறினேன். மச்சான், அது சைக்கிள் இல்லை, உரல்! கண்ணாடி மூக்கை விட்டுப் போச்சு, சட்டைப் பையில இருந்த போன் தானா குதிச்சு ஓடிப் போச்சு, வாயை மூடினா பல்லு பல்லோட சண்டை. "உச்ச அளவுன்னா அதுக்கு மேல போகாதேன்னு அர்த்தம், அது வரைக்கும் போன்னு இல்லை"ன்னு உங்க அக்கா சொல்லி, பாதிக் காத்தை உஸ்ஸுன்னு இறக்கினா. மறுநாள் அதே ரோடு, அதே ஜல்லி, மெத்தை மேல போற மாதிரி போச்சு. "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன். தைக்கும்போது மிஷின் மேல போனைச் சாய்ச்சு வெச்சு ரெண்டு வருஷமா சைக்கிள் வீடியோ பார்க்கிறாளாம். எதுக்குப் பார்த்தேன்னு கேட்டா, "சும்மா"ங்கறா.

இப்போ உங்க பேர்ல ஒரு புகார். சீட்டுக் குழாயில நீங்க போட்டு அனுப்பின சிவப்புக் கோடு. அனுபவஸ்தர் போட்ட கோடாச்சேன்னு சீட்டை அங்கேயே நிறுத்தி மூணு வாரம் மிதிச்சேன். முட்டி நெஞ்சு வரைக்கும் வருது. நாலாவது வாரம் கடைப் படி ஏற முடியல, கைவிரல் மரத்துப் போச்சு. சர்க்கரை இறங்கல, டாக்டர் குடுத்த மூணு மாசத்துல ஒரு மாசம் காலி. "இது எனக்கு ஒத்து வராது, வித்துடறேன், ஊசியே போட்டுக்கறேன்"னு உட்கார்ந்துட்டேன். என் உயரம் உங்களுக்குத் தெரியாதா மச்சான்? எந்தக் குள்ளனை நினைச்சு அந்தக் கோடு போட்டீங்க?

உங்க அக்கா அப்போதான் கழுத்துல இன்ச் டேப்போட வந்தா. "ஏறி உட்காருங்க. பைப் ரேக்கைப் பிடிச்சுக்குங்க. குதிகாலைப் பெடல்ல வைங்க. மூச்சை இழுத்து வயித்தை உள்ளே தள்ள வேண்டாம், நான் இப்போ வயித்தை அளக்கல." பெடல் கீழே இருக்கும்போது கால் நேரா நீளணுமாம், என் கால் மடங்கி நின்னுச்சு. சீட்டை நாலு சென்டிமீட்டர் தூக்கினா. அப்புறம் பெடலை முன்பக்கம் மட்டமா நிறுத்தி, நூல்ல ஒரு தையல் மிஷின் பாபினைக் கட்டி என் முட்டியிலருந்து தொங்க விட்டு, அது பெடல் அச்சுக்கு நேரா வர்ற வரைக்கும் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினா. என் பங்குக்கு நான் கடையிலருந்து ரசமட்டம் எடுத்துக் குடுத்தேன். சீட்டு மேல வெச்சுப் பார்த்தா மூக்கு கீழே சாய்ஞ்சிருக்கு, அதான் பாரமெல்லாம் கைக்கு வந்து விரல் மரத்திருக்கு. நான் ஸ்பேனரைப் பிடிச்சு வழக்கம்போல கை வலிக்க இறுக்கப் போனேன், மணிக்கட்டைப் பிடிச்சுட்டா. "இது கார்பன் குழாய், உங்க இரும்புக் குழாய் இல்லை. இது நசுங்காது, உடையும்." நீங்க பெட்டியோட அனுப்பின, இறுக்கம் சரியானதும் 'டக்'குன்னு சத்தம் போடற அந்த ஸ்பேனரால ஒரே ஒரு 'டக்.' அதோட நிறுத்திட்டா. சுண்ணாம்புக் கட்டியால வெள்ளைக் கோடு ஒண்ணு போட்டு, "இதுதான் நீங்க"ன்னா.

முப்பது வருஷ வியாபாரத்துல எத்தனையோ கொத்தனார், பிளம்பர், என்ஜினியரைப் பார்த்திருக்கேன். இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. அதுவும் என் கடைக்குப் பின்னாடியே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைச்சுக்கிட்டு இருந்திருக்கு. அன்னியிலருந்து தினம் காலையில அணைக்கட்டு வரைக்கும் போய் வர்றேன். முட்டி என்கூடச் சமாதானமாப் போச்சு. போன வாரம் டாக்டர் தாளைப் பார்த்து, கண்ணாடியைத் துடைச்சு, மறுபடி பார்த்து, "ஊசியைத் தள்ளி வெப்போம்"னார். எழுந்து அவரைக் கட்டிப்பிடிச்சுட்டேன்.

ஆகவே மைத்துனரே, என் உயிருக்கு நீங்கள் அனுப்பிய இந்தப் பரிசை வேறு யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் அக்கா தலையாட்டினாள். நீங்கள் நீண்ட ஆயுளோடும், காற்று இறங்காத டயரோடும், இனிமேல் ஆளை அளந்துவிட்டுக் கோடு போடுகிற புத்தியோடும் வாழ மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள
அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து. டயர் பேரை எழுதி உங்ககிட்ட இன்னொரு ஜோடி கேட்கலாம்னு கையேட்டை இப்போதான் முதல் தடவையாப் பிரிச்சேன். உள்ளே உங்க கையெழுத்துல ஒரு துண்டுத் தாள். "அக்கா, ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தியே, இந்தா. நீ அனுப்பின அளவுக்கு இங்கேயே பூட்டிப் பார்த்துட்டேன். சிவப்புக் கோடு உன் சீட் உயரம்."

தையல் அறைக்குள்ளே போய் அந்தத் தாளை நீட்டினேன். "சொல்லியிருக்கலாமே?"ன்னேன். மிஷினை நிறுத்தாமலே, "என்னத்தைச் சொல்றது? பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. பிடுங்கவா முடியும்?"ன்னா.

அதனால அந்த நன்றியெல்லாம் அப்படியே உங்க அக்கா பேருக்கு மாத்திக்குங்க. குள்ளன்னு எழுதினதை அடிச்சுடுங்க, முக்கியமா அதை அவகிட்ட சொல்லாதீங்க. எனக்கு ஒரு சைக்கிள் சொல்லி வைங்க, என் காசுல. அவ நோட்டுல என் அளவு இருக்கு, காப்பி எடுத்து இதோட வெச்சிருக்கேன். அது வர்ற வரைக்கும் அணைக்கட்டுக்கு நடந்தே போறேன்.

இதை எழுதறதுக்கு முன்னாடி நானே சீட்டைச் சிவப்புக் கோட்டுக்கு இறக்கி, ஒரே ஒரு 'டக்'கோட நிறுத்தி, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அழுவான்னு நினைச்சேன். குனிஞ்சு பார்த்தா, கழுத்துல இருந்த டேப்பை எடுத்து அளந்தா.

"ரெண்டு மில்லி தாழ்வு"ன்னா.