அடுத்தவர் வீட்டு உத்தரம்

பழங்கட்டட ரசிகர் என்று ஓர் இனம் நம் பக்கத்தில் பெருகிவருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். விழத் தயாராக நிற்கும் எந்தச் சுவரைக் கண்டாலும் வண்டியை ஓரங்கட்டுவார், தூணைத் தடவுவார், இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்து, ‘என்னமா கட்டியிருக்கான்’ என்று பெருமூச்சு விடுவார். மழைக்காலத்தில் என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் வீட்டுக்காரரைக் கேட்கமாட்டார்.

இதில் முற்றிய ரகம், சீமைக்குப் போய்வந்த ரகம். அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மாமல்லபுரத்தில் வீடு கட்டிக்கொண்ட லக்ஷ்மிநாராயணன் அந்த ரகம். மகள் சுஷ்மிதாவைப் பார்க்க இங்கிலாந்து போனவர், அவள் ஊரில் ஒரு மால்ட் கூடத்தைப் பார்த்துவிட்டார். பீருக்காக பார்லியை முளைகட்டி உலர்த்திய பழைய கட்டடம். கருத்த ஓக் தூண்கள், தூண்மேல் உத்தரங்கள், மூலைக்கு மூலை முட்டுக்கொடுக்கும் சாய்கால்கள், இரும்பாணியே இல்லாமல் மரமுளை அடித்துக் கோத்த சட்டம், சட்டங்களுக்கு நடுவே செங்கல் அடைப்பு, மேலே முதுகு வளைந்த ஓட்டுக்கூரை. மனிதர் சொக்கிப்போனார். திரும்பி வந்து கல்யாணப் பந்தியில் அதைப் பேசினார். துக்க வீட்டிலும் அதையே பேசினார். கடற்கரைக் கோயிலைக் காட்டினால், ‘கல்லுல யார் வேணா கட்டலாம் சார், மரத்துல கட்டி நானூறு வருஷம் நிக்கணும்’ என்றார். மனைவி லோகநாயகியிடம் மட்டும் பீரைச் சத்துமாவு என்று மாற்றிச் சொல்லிவைத்திருந்தார்.

இதோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? செய்யூர்ப் பக்கம் போனபோது, வேர்க்கடலை வியாபாரி எல்லப்பனின் பழைய மரக் குடோன் கண்ணில் பட்டது. அதை இடிக்க ஜேசிபி வந்து நின்றது.

‘நிறுத்துங்க. அந்தச் சாய்காலைப் பாருங்க. இங்கிலாந்துல இதே வேலைதான்.’

‘கொட்டா சாஞ்சிகினு கீது சார்.’

‘சாயறதுதான் அழகு.’

எல்லப்பனின் எதையும் அதுவரை யாரும் அழகு என்று சொன்னதில்லை. ஜேசிபியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வருஷக் கடலை மூட்டைகளும் உள்ளே ஏறின.

‘அந்தாளு பேச்ச கேட்டுகினு மல்லாட்டைய உள்ள அடுக்குறியே, மழ வந்தா இன்னா பண்ணுவ?’ என்றாள் மனைவி கண்ணகி.

மழை வந்தது. தார்ப்பாய் போட உள்ளே போன கண்ணகியின் பக்கத்தில், சட்டங்களுக்கு நடுவே இருந்த மண்சுவர் உப்பிச் சரிந்தது. கைமரம் ஒன்று தோளை உரசிக்கொண்டு விழ, அவள் வெளியே பாய்ந்து தப்பினாள். மூட்டைகள் சேற்றில் கிடந்தன.

மறுநாள் குடையோடு வந்தார் லக்ஷ்மிநாராயணன். சேற்றைப் பார்த்தார், கண்ணகி தோளில் போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்தார், குடோனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

‘பாத்தீங்களா, சுவர்தான் விழுந்திருக்கு. சட்டம் அப்படியே நிக்குது.’

எல்லப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணகி கேட்டாள்: ‘உன் வூடு இன்னா மரமா சார்?’

‘இல்லம்மா, காங்கிரீட்.’

‘ஒழுவுதா?’

‘சே, சொட்டுக்கூட கிடையாது.’

‘அப்ப மூட்ட பூரா அங்கதான் வரும். வண்டி ஏத்து’ என்றாள் புருஷனிடம்.

வந்தது. சோபா வராந்தாவுக்குப் போயிற்று. கிரானைட் தரை முழுக்க ஈரக்கடலை. மேலே மின்விசிறிகள் இரவு பகலாகச் சுழன்றன. மண்வாடையில் லக்ஷ்மிநாராயணனுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. சமையலறைக்கு அவர் கடலைமேல் நடந்து போனார். ‘மெதுவா நட சார், ஒடையப் போவுது’ என்று கண்ணகி அதட்டினாள். லோகநாயகி அவளுக்குக் காபி கொடுத்தாள், கடலை கிளறக் கற்றுக்கொண்டாள், புருஷனிடம் பேசுவதை நிறுத்தினாள்.

அந்த வாரம்கூட முடியவில்லை. ஜேசிபிக்காரருக்கு லக்ஷ்மிநாராயணனே போன் போட்டார்.

‘சீக்கிரம் போய் இடிச்சுடுப்பா.’

‘அழகுன்னு சொன்னியே சார்?’

‘அது வெயில் காலத்துல.’

எல்லப்பன் காங்கிரீட் குடோன் கட்டிவிட்டார். கடலையில் பாதிதான் தேறியது. திருந்தினாரா நம்மவர் என்கிறீர்களா? அச்சரப்பாக்கத்தில் ஒரு பழைய அரிசி ஆலை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போன வாரம் கிளம்பிப் போயிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் செல்போனைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். யாரோ ஒருவரின் காரை பெயர்ந்த வீடு படமாக அதில் இருக்குமே? ‘இதையெல்லாம் இடிக்கவே கூடாது’ என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சொல்லிவிட்டு அன்றைக்கு எந்த வீட்டில் போய்த் தூங்கினீர்கள்?