பட்டினிப் பட்டை

பட்டினி கிடக்க வேண்டிய பட்டைதான் வயலிலேயே கொழுகொழுவென்று நின்றது. ஆய்வாளருக்குத் தலை சுற்றியது.

வயலை நான்கு நீளப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதே ஆறு ரக மக்காச்சோளத்தை விதைத்திருந்தாள். மூன்று பட்டைகளுக்கு வெவ்வேறு அளவில் உரம். நான்காவதற்கு ஒரு துகள்கூடக் கிடையாது. அதோடு ஒப்பிட்டால்தான் உரத்தின் பலன் தெரியும்.

சாப்பாடு கொண்டுவந்த கணவரைப் பிடித்தாள். "என்னங்க, இதுல எதையாவது போட்டீங்களா?"

"ரெண்டே ரெண்டு கைதான். பாவம், வெளிறிப்போய் நின்னுச்சு."

ஒப்பீடே கெட்டுப்போனது. மொத்த வயலையும் உழுது மறுபடி விதைத்தாள். "இந்தத் தடவையும் சொதப்பினா வயல் வேற ஆளுக்குப் போயிடும்" என்று ஆராய்ச்சி நிலைய இயக்குநர் சொல்லிவிட்டார்.

உரம் போடும் வேலையைப் பண்ணை ஆட்களிடம் விட்டுவிட்டு, பட்டினிப் பட்டைக்கு மட்டும் தானே பொறுப்பேற்றாள். 'இங்கே உரம் போடக் கூடாது' என்று பலகை நட்டாள். மறுவாரமே மாமனார் வாளியோடு வந்து நின்றார்.

"மாமா, போர்டைப் பாக்கலையா?"

"பாத்தேனே. உரம்தானேம்மா போடக் கூடாது? இது சாணம்."

வாளியைப் பிடுங்கி, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேலி கட்டிக் காவல்காரரை வைத்தாள். இரண்டாம் நாளே அவர் மடியிலிருந்து ஓர் உரப் பொட்டலம் விழுந்தது.

"நான் காவல் இருந்தும் பயிர் இப்படி நோஞ்சானா நின்னா, பாக்கிறவங்க என்னைப் பாத்துத்தானே சிரிப்பாங்க?"

அவரையும் அனுப்பிவிட்டாள். இனி யாரை நம்புவது? வேலியோரம் நாற்காலி போட்டுத் தானே உட்கார்ந்தாள். வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் அசையவில்லை. தூரத்தில் யார் தலையில் மூட்டை தெரிந்தாலும், "கிட்ட வராதீங்க, அப்படியே திரும்பிப் போங்க" என்று குடையை ஓங்கினாள். பட்டினிப் பட்டையில் வெளியார் நிழல்கூட விழவில்லை.

அறுவடைக்கு முன் இயக்குநர் வந்து பார்த்தார். நான்கு பட்டைகளும் ஒட்டிப் பிறந்தவை போல ஒரே உயரத்தில் நின்றன.

"உரம் போட்டது எது, போடாதது எது?" என்றார்.

அவள் சாப்பாட்டோடு வந்திருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "சத்தியமா நான் இல்லை."

"என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு யாரோ இதுல உரம் போட்டிருக்காங்க, சார். யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

இயக்குநரின் பின்னால் நின்ற பண்ணை டிராக்டர் ஓட்டுநர் தலையைச் சொறிந்தார்.

"இதுல யாரும் போடலைங்க, மேடம். மத்த மூணுக்கும் போட வேண்டிய மூட்டையெல்லாம் இன்னும் ஷெட்லதான் கிடக்கு. எங்க ஆளுங்க தூக்கிட்டு வரும்போதெல்லாம் நீங்க குடையால விரட்டிட்டீங்க."